லூர்து மிஸ்ஸி படித்த நாட்காட்டித் தாள்கள்

செய்தி வந்தபோது நான் பள்ளிக் கழிப்பறையில் இருந்தேன். மணி பதினொன்று பத்து. இந்த இரண்டு விவரங்களையும் நினைவஞ்சலியின் முதல் வரியில் எழுதுவது முறையல்ல என்று என் சக தமிழாசிரியர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் உயிரோடு இருந்திருந்தால் முதலில் கேட்கக்கூடிய கேள்வியே அதுதான். "எத்தனை மணிக்குப் போனீங்க, சார்? எழுதுனீங்களா?"

பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி கதவைத் தட்டி, வீட்டிலிருந்து தொலைபேசி என்றார். என் மனைவி பாக்கியம் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவள் அல்ல. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நான் அலுவலகம் போய்ச் சேருவதற்குள் மனம் எங்கெங்கோ போய்விட்டது. "ஏங்க, லூர்து மிஸ்ஸி போயிட்டாங்க" என்றாள். அவருடைய தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறார். காலைப் பூசை முடிந்து வெளியே வந்தவர், மாதா கோயில் படியில் சற்று உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் முதலில் வருகிறது. எங்களையெல்லாம் மணி பார்த்து மாத்திரை சாப்பிட வைத்தவர், தன் நெஞ்சை யாரிடமும் காட்டாமலேயே போய்விட்டார்.

அவருடைய முழுப்பெயர் லூர்துமேரி. இந்த ஊர் மருத்துவமனைகளில் தாதியர் எல்லாரும் நோயாளிகளுக்கு மிஸ்ஸிதான்; எங்களுக்கு அவர் லூர்து மிஸ்ஸி. அடக்கத்தின்போது நல்லபடியாகவே பேசினார்கள். அன்பானவர், பொறுமையானவர், பங்குக் கோயிலுக்கு உழைத்தவர் என்றார்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. நான் சொல்கிறேன். முதுகுத்தண்டு அடிபட்டோ, நரம்பு கெட்டோ சிறுநீரை அடக்க முடியாமல் போனவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வரும் கிளினிக்கில், பதினான்கு ஆண்டுகள் அவர் வேலை பார்த்தார். எங்களுக்கு மாத்திரையைக் கொடுத்தது மருந்தகம். அந்த மாத்திரையை வேலை செய்ய வைத்தது அவர். கிளினிக்குக்கு வெளியே நீல நாற்காலிகளில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோமே, அங்கே என்னோடு இருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெருமைக்குரியதல்ல. எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு பொங்கல் சமயம். பள்ளி மண்டபத்தில் காகிதத் தோரணம் கட்ட ஆள் இல்லை என்று நானே ஏணியில் ஏறினேன். மேடையின் விளிம்பில் முதுகு பட விழுந்தேன். ஏழு மாதத்தில் கால்கள் ஒருவாறு திரும்பி வந்தன. மற்றது வரவில்லை. சிறுநீர் வருகிறது என்று எனக்குத் தெரிவதற்குள் அது வந்து முடிந்திருக்கும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வேலைக்குத் திரும்பலாம், ஆனால் தகுதி உண்டென்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நாற்பது மாணவர்கள் முன்னால், வெள்ளைக் காற்சட்டையோடு, நாற்பது நிமிடம் நிற்க வேண்டும். அப்படி நிற்பதை நினைத்து என்னையே வெறுத்தேன். ஆனால் பாடம் நடத்தாத என்னை நான் அதைவிட அதிகமாக வெறுத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்று முழுங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு மிஸ்ஸி சொன்னார்: "சார், கால் உடைஞ்சவங்க காலைக் காட்டுறாங்க. கண்ணு தெரியாதவங்க கண்ணைக் காட்டுறாங்க. உங்களுக்கு மட்டும் என்னலா வெக்கம்? அதுவும் உடம்புதான்." பிறகு ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். சிறுநீர்ப்பை நன்றாகத்தான் இருக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளைதான் வழியில் அறுந்துவிட்டது. அதனால் பை தன் இஷ்டத்துக்குச் சுருங்குகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அந்தச் சுருக்கத்தைத் தளர்த்தும். புரோபாந்தெலின் என்று அதற்குப் பெயர். வெறும் வயிற்றில், ஒரு நாளைக்கு நான்கு வேளை: காலை ஏழரை, பகல் பன்னிரண்டரை, மாலை ஐந்தரை, இரவு பத்தரை. "இது வியாதிய எடுத்துடாது. பைக்குக் கொஞ்சம் பொறுமை குடுக்கும். மிச்சப் பொறுமைய நீங்க குடுக்கணும்" என்றார். பொறுமை என்ற சொல்லை அவர் சொன்ன தொனியில் பொறுமையே இல்லை.

அப்போதுதான் நாட்காட்டித் தாளைப் பற்றிச் சொன்னார். எப்போது தண்ணீர் குடித்தோம், எப்போது மாத்திரை சாப்பிட்டோம், எப்போது போனோம், எப்போது நனைந்தது என்று எழுதுவதற்கு மருத்துவமனை ஒரு படிவம் வைத்திருந்தது. ஆங்கிலத்தில், ஐம்பது கட்டங்களோடு. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களும் தோட்டக்காரர்களும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து அப்படியே வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவருவார்கள். மிஸ்ஸி படிவத்தை ஓரம் கட்டினார். சிராங்கூன் சாலை மளிகைக் கடைகள் வருடக் கடைசியில் இனாமாகத் தரும் தினசரி நாட்காட்டி எந்தத் தமிழ் வீட்டில் இல்லை? "தாளைக் கிழிச்சா குப்பையில போடாதீங்க. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? அதுல எழுதிக் கொண்டாங்க." அவர் கத்தோலிக்கர், அவர் வீட்டு நாட்காட்டியில் மாதா படம் மட்டும்தான் இருக்கும், மற்றபடி வெறும் தேதி. எங்கள் நாட்காட்டியின் முன்பக்கத்தில் என்னென்ன அச்சாகியிருக்கும் என்று அப்போது அவர் கவனித்ததே இல்லை.

மாத்திரை என்னைச் சும்மா விடவில்லை. வாய் காய்ந்துபோனது. தமிழாசிரியனுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் வேறென்ன மிஞ்சும்? வீட்டில் வாய்விட்டு ஒரு செய்யுளைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது அடியில் திணறினேன். அதற்காகத் தண்ணீர் குடித்தால் நனைந்தது. ஆகவே மகா புத்திசாலியான நான் தண்ணீரையே நிறுத்தினேன். மூன்று நாள் உலர்ந்த தாள்கள். நான்காம் நாள் குளிர்க்காய்ச்சல், சிறுநீரில் நாற்றம், நோய்த்தொற்று. கிளினிக்கில் என் தாள்களைப் புரட்டிய மிஸ்ஸி, "மூணு நாளும் மொத்தமா ரெண்டே கிளாஸ்தான் குடிச்சிருக்கீங்க. இதை எழுதுன உங்களுக்கே பயமா இல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்: "தண்ணிய நிறுத்துறது வீரம் இல்ல சார். கிட்னிக்குச் செய்யற துரோகம்." வெளியே நாற்காலிகளில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. அதற்காகத்தான் சத்தமாகச் சொன்னார் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று ஐந்தாறு பேர் வீட்டுக்குப் போகுமுன் குழாயடியில் நின்றார்கள். காய்ந்த வாய்க்கு ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். இன்றும் என் மேசை இழுப்பறையில் ஏலக்காய் இருக்கிறது.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நவம்பர் வந்தது. மாத்திரை வேலை செய்தது போலவும் இருந்தது, செய்யாதது போலவும் இருந்தது. செவ்வாய் உலர்ந்திருக்கும், வியாழன் உலர்ந்திருக்கும். இதோ பிழைத்துவிட்டேன் என்று நினைக்கும்போது ஞாயிற்றுக்கிழமை நனைந்துவிடும். மருத்துவர் அளவைக் கூட்டிப் பார்த்தார். எழுத்தெல்லாம் மங்கலாகிக் கட்டுரை ஏடு திருத்த முடியாமல் போனது. மறுபடி குறைத்தார். கடைசியில், மருந்து பலன் தரவில்லை, சிறுநீர் வடிய ரப்பர்க் குழாயை நிரந்தரமாக வைத்து, அது சேரும் பையைக் காலோடு கட்டிவிடலாம் என்றார். அவர்மேல் குறை இல்லை. என் தாள்களில் இருந்ததை வைத்துத்தான் சொன்னார். தாள்களின்படி நான் நான்கு வேளை மாத்திரையையும் ஒரு நிமிடம் பிசகாமல் சாப்பிட்டிருந்தேன். அப்படியும் நனைந்தால் மருந்து தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? குழாயோடு வகுப்புக்குப் போக அந்தக் காலத்தில் யாரும் தகுதிக் கடிதம் தரமாட்டார்கள். நான் தலையாட்டினேன். மிஸ்ஸிதான் ஆட்டவில்லை. "டாக்டர், ரெண்டு வாரம் குடுங்க" என்று கேட்டு, என் நான்கு வாரத் தாள்களை ரப்பர் வளையம் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அடுத்த வெள்ளி பாக்கியத்தையும் கூட்டி வரச் சொன்னார். நாங்கள் உள்ளே போனபோது, பரிசோதனைக் கட்டிலின்மேல் இருபத்தெட்டுத் தாள்களும் கிழமை வாரியாக வரிசையில் கிடந்தன. திங்கள் ஒரு வரிசை, செவ்வாய் ஒரு வரிசை. திங்கள், புதன், ஞாயிறு ஆகிய மூன்று வரிசைகளில் மட்டும் சிவப்புப் பென்சில் வட்டங்கள். திங்கட்கிழமைகளில் காலை எட்டரை வாக்கில் நனைந்திருந்தது. புதன்களில் பகல் ஒரு மணிக்கு. ஞாயிறுகளில் மாலை ஐந்தரைக்கு மேல்.

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "சார், நீங்க பேசாதீங்க. பாக்கியம் சொல்லட்டும். திங்கக்கிழமை காலையில மாத்திரைய எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒம்பது அடிச்சதும் குடுத்தேன், மிஸ்ஸி."

"இங்க ஏழரைன்னு இருக்கே?"

"அது அவரு எழுதுனது."

மிஸ்ஸி திங்கட்கிழமைத் தாள்களில் ஒன்றை எடுத்து முன்பக்கம் திருப்பினார். நான் கிழமையை எழுதாமல் விட்டிருந்ததால், என்ன கிழமை என்று பார்ப்பதற்காகத் திருப்பியபோதுதான் அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: இராகு காலம் 7.30 முதல் 9.00 வரை. புதன்கிழமைத் தாளில் 12.00 முதல் 1.30. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 4.30 முதல் 6.00.

"ராகு காலத்துல மருந்து குடுப்பாங்களா, மிஸ்ஸி?" என்றாள் பாக்கியம். "இவரு ஏணியில ஏறுனது வெள்ளிக்கிழமை பதினொன்னே கால். சரியான ராகு காலம். விழுந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப மொத மாத்திரையும் ராகு காலத்துலதான் குடுத்தாங்க. அன்னைக்கே காய்ச்சல் வந்துச்சு. நான் எப்படி என் கையால குடுப்பேன்?"

அவள் செய்தது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. மாத்திரை கைக்கு வந்தால் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுங்குவேன். எழுதியது எப்படி என்றால், ஆசிரியர்களுக்கு மட்டும் புரியும் ஒரு கெட்ட பழக்கம். பாடப் பதிவேட்டை வாரத் தொடக்கத்திலேயே, நடத்தாத பாடத்தையும் நடத்தியதாக, அழகான கையெழுத்தில் எழுதி முடித்துவிடுவோம். அதே போல ஞாயிறன்று உட்கார்ந்து, நாட்காட்டியில் இன்னும் கிழிக்காத அடுத்த ஏழு தாள்களைத் தூக்கி, பின்பக்கத்தில் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். ஏழரை, பன்னிரண்டரை, ஐந்தரை, பத்தரை. நனைந்ததை மட்டும் நனைந்தபோது எழுதினேன். ராகு காலத்தை நம்பாத பகுத்தறிவாளன் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு.

மிஸ்ஸி பாக்கியத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் தோளில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அவங்க பயந்து செஞ்சாங்க. நீங்க படிச்சுட்டுச் செஞ்சீங்க. உங்க பொய்ய நம்பி உங்களுக்கே குழாய் போடப் பார்த்தாங்க, சார். மருந்து பாவம். அதுக்கு வாய் இருந்தா உங்க மேல கேஸ் போடும்." நான் பணியில் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் அவர் கெட்டிக்காரத் தாதி என்பதோடு போயிருக்கும். அதற்குப் பிறகு செய்ததுதான் லூர்து மிஸ்ஸி. மூடநம்பிக்கை, விட்டுவிடு என்று அவர் பாக்கியத்திடம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஏழு நாள் ராகு காலத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, அதில் சிக்காத நான்கு வேளையைத் தேடினார். காலை ஆறரை சரி. மாலை ஆறேகால் சரி. இரவு சரி. பகலில்தான் தகராறு. பென்சிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஐயோ, ஏழு நாளும் சேர்ந்து ஏழரையிலேருந்து ஆறு வரைக்கும் ஒரு எடம் விடாம புடிச்சு வச்சிருக்குலா! எந்த நேரம் வச்சாலும் ஏதோ ஒரு நாள் மாட்டுது."

பிறகு சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "பாக்கியம், ஒன்னு சொல்லுங்க. பொண்ணு பார்க்கவோ ஊருக்கோ கெளம்பும்போது நேரம் சரியில்லைன்னா உங்க வீட்ல என்ன செய்வீங்க?"

"நல்ல நேரத்துலேயே பெட்டிய எடுத்துப் பக்கத்து வீட்டுல வச்சிடுவோம். அப்புறம் எப்பக் கெளம்புனாலும் கெளம்புனது அந்த நல்ல நேரந்தான்."

"அப்போ மாத்திரைக்கும் அதேதான். காலையில ஆறரைக்கு ரெண்டு மாத்திரை குடுங்க. ஒன்ன அப்பவே முழுங்கட்டும். இன்னொன்ன நேத்துக் கிழிச்ச தாள்ல மடிச்சு அவரு சட்டைப் பையில வைங்க. நீங்க குடுத்தது நல்ல நேரம். அவரு பன்னெண்டு மணிக்கு முழுங்குறது அவரு பாடு."

பாக்கியம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "கையில குடுக்குறதுதான் கணக்கு, மிஸ்ஸி" என்றாள் கடைசியில். முகம் தெளிந்துவிட்டது. மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "அவங்க வேலை முடிஞ்சுது. இனிமே உங்க வேலை. முழுங்குன நேரத்த முழுங்குனப்புறம் எழுதுங்க. பன்னெண்டு பத்துன்னா பன்னெண்டு பத்து. நான் அடிக்க மாட்டேன்." அப்படித்தான் அவர் சொன்னார். சொல்லிவிட்டு, அடிப்பார் போலத்தான் பார்த்தார்.

இரண்டு வாரம் உலர்ந்தது. மருத்துவர் தாள்களைப் பார்த்துவிட்டுக் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. இன்னொரு இரண்டு வாரத்தில் ஒரே ஒரு வட்டம், அதுவும் நான் பன்னிரண்டு மணியை மறந்து புக்கிட் மேராவில் கோப்பிக் கடையில் அரட்டை அடித்த நாள். அதை உண்மையாகவே எழுதினேன். மிஸ்ஸி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதுதான் நல்ல தாள்" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

கடிதம் வரப்போகிறது என்று இருந்தபோது தலைமையாசிரியரிடமிருந்து இன்னொரு தயக்கம். என் வகுப்பறை இரண்டாம் மாடியில். கழிப்பறை கீழே, மறுகோடியில். மிஸ்ஸி தன் ஓய்வு நாளில், புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு கடிகாரத்தோடு பள்ளிக்கு வந்து நின்றார். கிராணி அவரை கல்வி அமைச்சிலிருந்து வந்த அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். மிஸ்ஸி அதைத் திருத்தவில்லை. என்னை இரண்டாம் மாடி வகுப்பிலிருந்து கழிப்பறை வரை நடக்க வைத்து நேரம் பார்த்தார்: நான்கு நிமிடம். கீழ்த்தள ஓவிய அறையிலிருந்து நடக்க வைத்தார்: ஐம்பது விநாடி. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், "சாருக்குக் காலும் இருக்கு, மூளையும் இருக்கு, மருந்தும் வேலை செய்யுது. ரூம மட்டும் மாத்துங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னதாகத் தலைமையாசிரியரே பின்னால் எனக்குச் சொன்னார். ஓவிய வகுப்பு மாடிக்குப் போனது. இன்றுவரை நான் அந்த அறையில்தான் நடத்துகிறேன்.

ஜனவரியில் முதல் நாள். பன்னிரண்டு மணிக்கு நான் உயர்நிலை மூன்றாம் வகுப்பின் முன்னால் நின்றிருந்தேன். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தேன். நாற்பது முகமும் பார்த்தது. வகுப்புக்கு வெளியே போய் முழுங்கலாம் என்றுதான் தோன்றியது. "வெக்கப்பட்டா எடுக்க மாட்டீங்க, எடுக்கலேன்னா நனைவீங்க" என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். அங்கேயே முழுங்கினேன். முதல் வரிசையில் ஒருவன் என்ன மாத்திரை என்று கேட்டான். "முதுகில அடிபட்டதால எனக்குச் சிறுநீர் அடங்காது. இது அதுக்கான மருந்து. பக்கம் பன்னிரண்டைத் திருப்பு" என்றேன். திருப்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா ஒரு வருடம் செத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே கோபம் வந்தது.

நான் வேலைக்குத் திரும்பினால் பால்குடம் எடுப்பதாகப் பாக்கியம் வேண்டிக்கொண்டிருந்தாள். தைப்பூசத்தன்று அவளோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை முருகன் கோயில் வரை நடக்க நானும் ஆசைப்பட்டேன். மிஸ்ஸியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்த வெள்ளி ஒரு நாட்காட்டித் தாளை நீட்டினார். பின்பக்கத்தில், ஊர்வலம் போகும் வழி நெடுகிலும் உள்ள கழிப்பறைகளை வரிசையாக எழுதியிருந்தார்: எந்தக் கோப்பிக் கடையில் கேட்டால் விடுவார்கள், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் சாவி கேட்க வேண்டும், எங்கே படி உண்டு. நடந்து பார்த்து எழுதியிருக்கிறார். தைப்பூசத்தன்று டோபி காட் அருகே கூட்டத்தில் கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றவர், என்னைக் கண்டதும் அரோகரா சொல்லவில்லை. "பன்னெண்டு ஆச்சு, சார்" என்றார். பாக்கியத்தின் தலையில் இருந்த குடத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

எண்பதுகளில் புது மருந்து வந்தது, ஆக்ஸிபியூட்டினின். ஒரு நாளைக்கு மூன்று வேளை போதும். வாய் காய்வது போகவில்லை, ஆனால் எனக்கு அது நன்றாகப் பிடித்தது. இனிமேல் தாள் எதற்கு என்று நான் கேட்டேன். "மருந்து புதுசு, நீங்க பழைய ஆளுதானே?" என்றார். அவர் சொன்னது சரியாகிப் போனது. பரிசளிப்பு விழாவில் ஒன்றரை மணி நேரம் மேடையில் உட்கார வேண்டுமென்று, அந்தப் பழைய ஆள் ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டைப் போட்டான். நனையவில்லை, ஆனால் விழா முடிந்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. வயிறு கல்லாகி மருத்துவமனைக்கு ஓடியபோது மிஸ்ஸி குழாய் வைத்து வடித்தார். பிறகு தாளையும் பேனாவையும் நீட்டினார். "ரெண்டு போட்டேன்" என்று எழுதினேன். நேரத்தோடு.

அடக்கம் புதன்கிழமை பகலில். கோயிலுக்கு நானும் பாக்கியமும் முன்பே போய்விட்டோம். பின் வரிசைகளில் அறிந்த முகங்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே நாற்காலிகளில் உட்கார்ந்தும் பெயர் கேட்டுக்கொள்ளாத முகங்கள். சக்கர நாற்காலியில் இருவர், ஊன்றுகோலோடு ஒரு பெண், முன்னாள் பஸ் நடத்துனர் ஒருவர். முன்னால் பூசை நடந்துகொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஆனதும் பஸ் நடத்துனரின் கை சட்டைப் பைக்குப் போனது. மடித்த நாட்காட்டித் தாள். அடுத்து அந்தப் பெண்ணின் கை கைப்பைக்குள் போனது. பிறகு சக்கர நாற்காலிக்காரர்களில் ஒருவர். யாரும் யாரையும் பார்த்து ஒளிக்கவில்லை. பாக்கியம் என் முழங்கையை இடித்தாள். என்னால் எடுக்க முடியவில்லை. சவப்பெட்டியைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள், நான் எழுந்து நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். வெளியே படியில், அவர் உட்கார்ந்த அதே படியில் நின்று, பஸ் நடத்துனரிடம் தண்ணீர் வாங்கி முழுங்கினேன். அவர் பெயர் கேட்டேன். சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையில் இனி வேறொருவர் இருப்பார். அவரிடம் நாம் தாள்களைக் கொண்டுபோக வேண்டும். படிவம் போதும் என்று அவர் சொன்னாலும் கொண்டுபோக வேண்டும். அவர் முன்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிறவரா என்று நாம்தான் கவனிக்க வேண்டும். இல்லையென்றால் நாமே திருப்பிக் காட்டுவோம்.

லூர்து மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், அவருடைய படமோ கடிதமோ என்னிடம் இல்லை. புதன்கிழமை மாலை வீடு திரும்பியதும் அன்றைய தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன். பகல் மாத்திரைக்கு நேராக, பழக்கதோஷத்தில், 12.00 என்று எழுதிவிட்டேன். பிறகு அடித்துவிட்டு, பக்கத்தில் 12.20 என்று எழுதினேன்.